லேபிள் ஒட்டாத பை

மேஸ்திரியிடம் விட்டால் ஒரு மலையையே கட்டி அனுப்பிவிடுவார் என்று லாரி டிரைவர் சொல்லித் திரிவான். அதில் பாதிதான் மிகை. உச்சியைத் தனியாகப் பழைய பேப்பரில் சுற்றி, அருவியை நாலாக மடித்து, நடுவில் தெர்மாகோல் கொடுத்து, 'கவனம், கண்ணாடி' என்று எழுதி, சாயங்காலத்துக்குள் லாரியில் ஏற்றிவிட்டு, "டீ எங்கப்பா?" என்று கேட்கக்கூடிய ஆள்தான் அவர்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்கு முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஊரில் அவர் கை படாத கட்டில் இல்லை, அவர் தூக்கும்போது திட்டாத பீரோ இல்லை. லிஃப்ட் இல்லாத ஆறாவது மாடியிலிருந்து ஒரு பெரியவரின் கட்டிலை இறக்கியபோது, அதில் படுத்திருந்த பெரியவர் தூக்கம் கலையாமல் வந்து புது வீட்டில் கண்விழித்து, "ஜன்னல் ஏன் அந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டாராம். டிரைவர் சொன்னது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கட்டிலில் கீறல் விழவில்லை என்பதை மட்டுமாவது நம்பலாம்.

தொழிலில் அவர் வேதம் என்று வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். லேபிள்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எழுதுறவன் கத்துக்குட்டி. அது எங்க போய் உட்காரணும்னு எழுதுறவன்தான் வேலைக்காரன்" என்பார். தட்டு, டம்ளர் என்றெல்லாம் அவர் எழுதியதே கிடையாது. 'சமையலறை, மேல் தட்டு, வலது பக்கம்', அவ்வளவுதான். ஒட்டியபிறகு அதோடு யாரும் வாதாடக் கூடாது. ஒரு தடவை வீட்டுக்கார அம்மா அவசரத்தில் லேபிளை மாற்றி ஒட்டிவிட, மேஸ்திரியின் ஆட்கள் இரட்டைக் கட்டிலைச் சமையலறைக்குள் நுழைத்து, கேஸ் அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் பாந்தமாகப் போட்டு, மெத்தையையும் விரித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். அந்த அம்மா தலையில் கை வைத்தபோது மேஸ்திரி பணிவாகச் சொன்னார்: "லேபிள் அப்படித்தாங்க சொல்லிச்சு."

ஊரெல்லாம் லேபிள் ஒட்டிய மனிதரிடம் லேபிள் ஒட்டாத பை ஒன்று இருந்தது.

காபி நிற ரெக்சின் பை. மூன்று தடவை ஜிப் மாற்றியது. நாலு சட்டை, மூணு பேன்ட், ஒரு போர்வை, சோப்பு டப்பா. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷமாக அவருடைய துணிமணி குடியிருந்தது அந்தப் பையில்தான். துவைத்துக் காய்ந்து வந்த சட்டை நேராகப் பைக்குள் போகும். பை வாசல் கதவை ஒட்டிய மூலையில் இருக்கும். பெண்டாட்டி ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தாள். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் துணி மடிக்கிறவள். நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. அவள் மடித்தால் விரிப்பின் நாலு மூலையும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒன்றாக வந்து நிற்கும். ஆனால் இந்த மனிதரின் நாலு சட்டையை மடிக்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் இன்னும் பஸ் ஸ்டாண்டுலதான் இருக்காரு" என்று தோழிகளிடம் சிரிப்பாள். சிரித்துச் சிரித்தே அது பழகிப்போயிற்று.

அவரும் சிரிக்க வைக்கிறவர்தான். ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா வேலை தேடிப் போய் 'வந்துர்றேன்' என்ற சொல்லை மட்டும் விட்டுப்போனார். அதன்பிறகு பதினைந்து வயதுவரை சொந்தக்காரர் வீடுகள் ஏழு. அதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். "எந்த ராஜாவுக்குடா ஏழு அரண்மனை இருந்துச்சு? எனக்கு இருந்துச்சு!" பெரியப்பா குறட்டை விட்டால் ஓட்டுக் கூரை எழும்பி உட்காரும்; நட்சத்திரம் பார்க்கலாம். அத்தை வீட்டு சோப்பு, அந்தப் பக்கம் நின்றால் இந்தப் பக்கம் ஆள் தெரியும் அளவுக்குத் தேய்ந்தும் சோப்பாகவே நீடித்தது. மாமா வீட்டு நாய்க்கு அவரைவிட மரியாதை. அதனால் அதை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவாராம். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கேட்டு மகளுக்குப் புரை ஏறும். "அப்பா, நாய் கதை, நாய் கதை" என்பாள். பல் டாக்டரிடம் உதவியாளாக வேலைக்குப் போன பிறகும் கேட்பாள்.

ஒன்பது வாடகை வீடு மாறியபிறகு, போன மாதம்தான் சொந்தமாக ஒன்று அமைந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் துணி காயப்போட நாலடிச் சந்து. சாமானைக் கட்டி, ஏற்றி, இறக்கி, பிரித்து அடுக்க மேஸ்திரிக்கு ஐந்தே மணி நேரம். உள் அறையில் சுவரோடு சேர்ந்த அலமாரி, மூன்று தட்டு. மேல் தட்டு மகளுக்கு, கீழ்த் தட்டு பெண்டாட்டிக்கு. நடுத் தட்டில் புதுப் பேப்பர் விரித்து, நாலு மூலையும் மடித்துவிட்டு அவள் சொன்னாள்: "இது உங்களுக்கு."

"நாளைக்கு வைக்கிறேன்."

அந்த நாளை வரவில்லை. பை வாசலை ஒட்டியே நின்றது.

வேறு சிலது வந்தது. சமையலறை வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று அவள் நினைத்தாள். மறுநாளும் கேட்டார். கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்றுமே இரண்டாம் தடவை சோறு கேட்காத ஆள், இப்போது முதல் தடவை போட்டதிலேயே பாதியை ஒதுக்கினார். இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.

"அம்மா, அப்பா ஏன் இருமுறதுக்கு வெளிய போறாரு?"

"புது வீட்டுச் சுண்ணாம்பு ஒத்துக்கலையோ என்னவோ."

"சுண்ணாம்பு ஒத்துக்கலைன்னா உள்ளதானேம்மா இருமணும்?"

துண்டு விஷயம் எப்போதும் உள்ளதுதான். குளித்த ஈரத்துண்டை அவர் கொடியில் போட மாட்டார். தோளில் போட்டுக்கொண்டு நடந்தே காயவைப்பார். "நடமாடுற கொடிக்கம்பம்" என்று அவள் கேலி செய்வாள். இந்த வீட்டில் கேலிக்கு அவர் சிரிக்கவில்லை. வேலையிலும் ஒன்று நடந்தது. பேப்பர் சுற்றும்போது கை தவறி, ஒரு பீங்கான் கோப்பை விழுந்து உடைந்தது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் கோப்பை. ஆட்கள் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை. அவள் வாளியும் தரை துடைக்கும் துணியுமாக வந்தாள்.

"என்னங்க, அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தார். அவள் மூலையைத் துடைத்தாள். ஈரத்தை மிதிக்காமல் அவர் படியில் இறங்கி நின்றார். அவள் கூடத்தை முடித்து, அறைகளை முடித்து, அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. படியில் யாரும் இல்லை.

பத்து மணிக்கு போன் வந்தது. "வெளியூர் லோடு. ரெண்டு மூணு நாள் ஆகும்."

வெளியூர் என்பது கம்பெனி கிடங்கு. வீட்டிலிருந்து இருபது நிமிஷம்.

வெளிநாடு போகிறவர்களும், பாகப்பிரிவினை முடியாதவர்களும், எங்கே போவது என்று தெரியாதவர்களும் தங்கள் வீட்டுச் சாமானை விட்டுவைக்கும் இடம் அது. தகரக் கூரை, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு நம்பர். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வீடு, பேப்பர் சுற்றி நிற்கும். சோபா, ஊஞ்சல், தையல் மெஷின், மூன்று சக்கர சைக்கிள். எல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றன. குடியிருக்க யாருமில்லாத ஒரு நீளத் தெரு. பதினாலாம் நம்பருக்கும் பதினைந்துக்கும் நடுவில் இருந்த இரண்டடி இடைவெளியில் மேஸ்திரி பையை வைத்தார். எந்தக் கட்டத்துக்குள்ளும் கால் பட்டுவிடாமல் வைத்தார்.

பகலில் வேலைக்குப் போனார், வந்தார். கடையில் ரொட்டி வாங்கி வெளியே நின்று தின்றார். தகரத்தில் வெயில் ஏறினால் கூரை படபடவென்று சத்தமிடும். அப்போது தன் நெஞ்சும் அப்படியே அடிப்பதைக் கவனித்தார். ஈரத்துண்டு தோளிலேயே காய்ந்தது. கேட்க ஆளில்லாததால் நாய் கதை ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அதில் சிரிக்கிற இடம் எது என்று அவரால் கண்டுபிடிக்க முடிந்திருக்குமா தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் டிரைவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. வீட்ல ஏதாவது சண்டையா?"

"சண்டை போடக்கூட ஆளு ஊர்ல இல்லையே தம்பி. நீதானே லோடு எடுத்துட்டுப் போனே?"

டிரைவர் தலையைச் சொறிந்தான். ஊரறிந்த புளுகன். அன்றைக்குப் பார்த்து ஒரு பொய்கூட அகப்படவில்லை.

வியாழன் மத்தியானம் அவள் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு டிரைவரின் லாரியிலேயே ஏறி வந்தாள். மேஸ்திரி பேப்பர் சுற்றிய ஒரு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் விருட்டென்று எழுந்து நின்றார்.

"வெளியூர் நல்லா இருக்கா?" என்றாள்.

"ம்."

"உட்காருங்க. எதுக்கு வாத்தியாரைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க? யாரு வீட்டு சோபா இது?"

"பதினாலாம் நம்பர். கப்பல்ல வேலை பார்க்கிறவரு. பேப்பரைப் பிரிக்கல. மேலாப்புல ஓரத்துலதான் உட்கார்ந்தேன்."

"நான் ஒண்ணும் கேட்கலையே." டப்பாவைத் திறந்தாள். "சாப்பிடுங்க. நமக்குள்ள என்ன சண்டை, அதைச் சொல்லுங்க முதல்ல."

"சண்டை எதுவும் இல்ல."

"அப்புறம்?"

அவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீதானே பையை எடுக்கச் சொன்னே."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"தரை தொடைக்கங்க! தரை தொடைக்கச் சொன்னேன்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தலைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல. அது பாட்டுக்குக் கிளம்பிருச்சு. திரும்பி வரணும்னு ரெண்டு நாளாப் பார்க்கிறேன். தெருமுனை வரைக்கும் வந்தேன். நேத்துகூட வந்தேன். பாப்பா செருப்பு வாசல்ல கிடந்துச்சு. திரும்பிட்டேன்."

"ஏன்?"

"ஏழு வீட்லயும் யாரும் என்னைப் போன்னு சொன்னதில்லம்மா. நல்லவங்க. பையை எடுத்து வைன்னுதான் சொல்லுவாங்க. அதைச் சொல்றதுக்கே அவங்க படுற சங்கடத்தைப் பார்க்க முடியாது. அத்தை சொல்லிட்டு அழுதாங்க. அதனால அவங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் கட்டி வச்சிருவேன். அவங்களுக்கும் கஷ்டம் இல்ல பாரு."

"ஒன்பது வீடு மாறினோமே. அப்பெல்லாம் இப்படி ஆகலையே உங்களுக்கு? இப்ப நம்ம வீட்டுக்கு வந்தா?"

"அதான்." அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "வாடகை வீட்ல வீட்டுக்காரன் காலி பண்ணுன்னா மூணு பேரும் சேர்ந்து கிளம்பணும். நீ, நான், பாப்பா. மூணு பேருக்கும் ஒரே கதிதான். அது ஒரு தெம்பு. இப்ப இது உங்க வீடாயிருச்சு. இங்க யாராவது கிளம்பணும்னா, அது நான் ஒருத்தன்தானே?"

"பத்திரத்துல உங்க கையெழுத்தும் இருக்கு."

"இருக்கு. போட்டது நான்தான். அதுவும் தலைக்குத் தெரியுது."

லாரியில் சாய்ந்து நின்ற டிரைவர், பீடி வாங்கப் போகிறவன்போல நகர்ந்தான். அவனுக்குப் பீடிப் பழக்கம் கிடையாது.

"அந்தத் துண்டும் இதுல சேர்த்திதானா?" என்று கேட்டாள் அவள்.

அவர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ந்திருந்தது.

"சித்தப்பா வீடு. எட்டு வயசு. கொடியில அவங்க துண்டு ஆறு காயும். ஓரமா என்னோடதைப் போட்டேன். சின்னது. ஒருநாள் சித்தி அதை ரெண்டு விரல்ல தூக்கி, 'இது யாரோடது?'ன்னு கேட்டாங்க. கோபமா இல்ல. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாங்க. எல்லாரும் பார்த்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல. சரின்னுட்டு வாசல்ல கால்மிதியாப் போட்டாங்க. நானும் அதுல கால் தொடைச்சுட்டுத்தான் உள்ள போவேன்."

கூரை ஒருமுறை சடசடத்து அடங்கியது.

"இதை என்கிட்ட சொன்னதே இல்லையே நீங்க. நாய் கதையை நூறு தடவை சொல்லியிருக்கீங்க."

"இதுல சிரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான்."

அவள் புடவை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை. கெஞ்சினால், உபசாரத்துக்குச் சொல்கிறாள் என்று இந்தத் தலை நினைத்துக்கொள்ளும், அதற்கு ஏழு வீட்டுப் பயிற்சி இருக்கிறது என்பது அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தாள். கட்டம் கட்டமாக நின்ற அத்தனை சாமானிலும் வெள்ளை லேபிள். அத்தனையிலும் அவருடைய கையெழுத்து. இந்தப் பையில் மட்டும்தான் இல்லை.

"தம்பி! லேபிளும் பேனாவும் எங்க இருக்கு?"

டிரைவர் ஓடிவந்தான். அவள் எழுத்து கோணல்மாணல். 'அலமாரி' என்பதை எழுதவே அரை லேபிள் ஆயிற்று. இன்னொன்று எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'உள் அறை, அலமாரி, நடுத் தட்டு.' பையின் மேல் ஒட்டி, ஆஸ்பத்திரி விரிப்பை நீவுகிற மாதிரி நாலு மூலையும் நீவினாள். பிறகு மூன்றாவதாக ஒன்று எழுதி, அவர் சட்டைப் பையின் மேல் ஒட்டினாள்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். தலைகீழாகத் தெரிந்ததால் படிக்க நேரமாயிற்று. 'வீடு' என்று இருந்தது.

"எழுத்து சரியில்ல" என்றார்.

"மேஸ்திரி, ஒட்டியாச்சு. இனி பேசக் கூடாது" என்றான் டிரைவர். "கட்டிலையே சமையலறையில போட்ட ஆளு நீங்க. ஏறுங்க."

லேபிளை மீறி அவருக்குப் பழக்கமில்லை. ஏறினார்.

வீட்டில் பையை நடுத் தட்டில் கொண்டுபோய் வைத்தார், ஜிப்பைத் திறக்காமல். மகள் வாசலில் நின்று பார்த்தாள். "பிரிச்சு அடுக்கலையாப்பா?"

"இறக்கி வைக்கிறது ஒரு வேலை, பிரிக்கிறது வேற வேலைம்மா. பிரிக்க நாளாகும்."

நாளாகத்தான் செய்தது. பெண்டாட்டி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் மனநல டாக்டரம்மா. 'எனக்கென்ன பைத்தியமா?' என்று மேஸ்திரி கேட்பார் என எதிர்பார்த்துப் பெண்டாட்டி பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. "லிஃப்ட் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். முதல் நாள் டாக்டரம்மாவுக்கு ஏழு அரண்மனைக் கதையையும் எடுத்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அப்ப உங்களுக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?"

"ஆறு."

"ஆறு வயசுப் பையன் தன் துணியைத் தானே மடிச்சு வச்சானா?"

"நல்லாவே மடிச்சான்."

"அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

மேஸ்திரி அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். மாத்திரை ஒன்று எழுதிக்கொடுத்தார்கள். நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் குறைந்தது. வாரம் ஒருமுறை போனார். சில வாரம் போய்வந்து வாசல் நாற்காலியிலேயே ஷூவோடு உட்கார்ந்திருந்தார்; அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. தரை துடைக்கும்போது பெண்டாட்டி எதையும் எடுக்கச் சொல்வதை விட்டுவிட்டாள். அவளே சுற்றித் துடைத்தாள். மூன்று மாதத்தில் பையிலிருந்து இரண்டு சட்டை தட்டுக்கு வந்திருந்தது. மற்ற இரண்டும் உள்ளேதான். அதை அவள் எண்ணாதது மாதிரியே எண்ணினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்புறம் அந்தக் குரல்.

"யாரு என் துண்டை எடுத்தது?"

அடேயப்பா, என்ன குரல்! அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. சந்தில் உட்கார்ந்திருந்த காக்காய் பக்கத்து ஊரில் போய்த்தான் இறங்கியது. நாலு தெரு தள்ளி யாரோ ஒருவர் குற்ற உணர்ச்சியோடு தன் துண்டை எடுத்துப் பார்த்துக்கொண்டார். இருபத்து நாலு வருஷத்தில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாத வாய் அது.

அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பின்சந்தில் மகள், ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "நான்தான்பா. கொடியில கிடந்துச்சு. உங்களோடதா? பேரா எழுதியிருக்கு?"

"பேரு எதுக்கு எழுதணும்? இடது ஓரம்! இடது ஓரம் என் இடம்! மூணு நாளா அங்கதானே போடறேன், உனக்குக் கண்ணு இல்ல?"

"மூணு நாளாவா? நான் பார்க்கலையே!"

"பார்க்கணும்!"

மகள் பதிலுக்கு ஏதோ சொல்லப்போனாள். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அதட்டலாகத்தான் ஆரம்பித்தது.

"குடுத்துருடி. அது அவரோடது."

அவர் சட்டையால் முதுகைத் துடைத்துக்கொண்டே வந்து துண்டை வெடுக்கென்று வாங்கினார். "ஈரம் பண்ணி வச்சிருக்கா பாரு" என்று முணுமுணுத்தார். பழக்கத்தில் கை அதைத் தோளுக்குக் கொண்டுபோனது. பாதி வழியில் நின்றது. பிறகு சந்துக்குப் போய், உதறி, இடது ஓரத்தில் போட்டு, பறந்துவிடாமல் ஒரு கிளிப்பையும் மாட்டினார்.